ரவையின் வேகம்

கள்வனைத் துரத்தும் போலீஸாருக்கு அபாயம் உச்சமடைவது, அவனைக் கைக்கெட்டும் தூரத்தில் நெருங்கும் வேளையில்தான். பௌதிகம் பயிலும் நான் ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். கைத்துப்பாக்கி ரவை விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் பாயும். 10 மீட்டரை 0.03 விநாடியில் கடக்கும். கண்டதை உணர்ந்து உடலை அசைக்கவோ நமக்கு 0.2 விநாடியாவது வேண்டும். ஆகவே, சுட்டபின் விலகித் தப்புவது இயலாத காரியம்.

2017 டிசம்பரில், சென்னை நகைக்கடைக் கொள்ளையரைத் தேடி இராஜஸ்தான் சென்ற மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டி, பாலி மாவட்டத்தில் நடந்த கைகலப்பில் குண்டு பாய்ந்து மாண்டார். கொள்ளையர் சுட்டதென்றே முதலில் எண்ணினர். சக அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறிப் பாய்ந்த குண்டு அது என்று இராஜஸ்தான் போலீஸ் விசாரணை கண்டது.

பகைவன் ரவைக்கும் தோழன் ரவைக்கும் வேகம் ஒன்றே. யார் எங்கே நிற்பது, எவர் துப்பாக்கி எடுப்பது என்று கதவைத் தட்டுமுன் வகுத்துக்கொள்வதே காப்பு.