ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயம்!

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரிலிருந்து இலங்கையின் தென்கோடிக்குச் சுமார் 3,500 மைல். கிலோமீட்டர் கணக்கில் 5,650. வழியெல்லாம் இந்துமகா சமுத்திரம். இன்றைய ஜெட் விமானம் இவ்வளவு தூரத்தை ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் தாண்டிவிடும். ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம், அவ்வளவுதான்!

1943-ம் ஆண்டில் இதே தூரத்தைக் கடக்க எத்தனை மணி நேரம் பிடித்தது தெரியுமா? 27 முதல் 33 மணி நேரம் வரை! அதுவும் நடுவில் எங்கும் இறங்காமல்.

அது யுத்த காலம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இருந்த விமானப் பாதை அத்துடன் அறுந்தது. ஆனால் அவசரத் தபால்களும், இராணுவ அதிகாரிகளும் போய்த்தானே ஆகவேண்டும்? 'குவாண்டாஸ்' கம்பெனி 1943-ல் துணிந்து இறங்கியது. பெர்த்தின் ஸ்வான் நதியில் கிளம்பி, காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரியில் இறங்குவது. அங்கிருந்து கராச்சி வழியாக இங்கிலாந்து. இதற்கென்று ஐந்து 'கேட்டலினா' விமானங்கள். தண்ணீரிலேயே ஓடிக் கிளம்பி, தண்ணீரிலேயே இறங்கும் பறக்கும் படகுகள் அவை.

மூன்றே பிரயாணிகள்

ஏறத்தாழ 2,000 காலன் பெட்ரோலைச் சுமந்த பிறகு மற்றதற்கு இடம் ஏது? மூன்று பிரயாணிகள், 69 கிலோ தபால். அதற்கு மேல் கூடாது.

மணிக்குச் சுமார் 125 மைல் வேகம்தான். இங்கேதான் சங்கடம். எதிர்க்காற்று மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசினால் போதும், பிரயாணம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீண்டுவிடும். தூரம் மாறுவதில்லை, பெட்ரோலும் கூடுவதில்லை! பாதி வழி தாண்டியபின் திரும்பலாமென்றால் அதுவும் முடியாத காரியம்.

எதிரி விமானங்கள் திரியும் பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் குறித்துக் கிளம்புவார்கள். விமானத்தில் துப்பாக்கி கிடையாது. இடம் தெரிந்துவிடுமே என்று ரேடியோவையும் அடக்கியே வைப்பார்கள். பிறகு வழி காட்டுவது யார்? நட்சத்திரங்கள்தான்! ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயரையே சூட்டியிருந்தார்கள்.

ஒரு நாளுக்கு மேல் பறப்பதால், வழியில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பிரயாணிகள் கண்டார்கள். 'இரட்டைச் சூரியோதய இரகசிய சங்கம்' என்று வேடிக்கையாக ஒரு பத்திரமும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. முப்பது மணி நேரம் குளிரிலும் இரைச்சலிலும் முடங்கிக் கிடந்தவர்களுக்கு அந்த மரியாதை தகும்.

1945 ஜூலை வரை இந்தச் சேவை நடந்தது. ஒரு விமானமாவது கடலில் விழவில்லை. ஓர் உயிரும் போகவில்லை.

2018 மார்ச்சில் இதே கம்பெனி பெர்த்திலிருந்து லண்டனுக்கே நேர் விமானம் விட்டது. 14,500 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம், இருநூறுக்கு மேற்பட்ட இருக்கைகள்!

அந்த ஐந்து பறக்கும் படகுகள் என்னவாயின? அவை அமெரிக்கா யுத்தத்துக்காக இரவல் கொடுத்தவை. யுத்தம் முடிந்ததும் ஒப்பந்தப்படி அழித்துவிட வேண்டியதாயிற்று. நான்கை பெர்த்துக்கு எதிரே ரோட்னஸ்ட் தீவுக்கு அப்பால் மூழ்கடித்தார்கள். ஐந்தாவது சிட்னிக்கு அப்பால் கடலில் போயிற்று.