ஜோடியே இல்லை... முட்டை மட்டும் வருது!

வீட்டில் ஒரே ஒரு காக்டீல் கிளி. மூன்று வருடமாகத் தனியாகத்தான் இருக்கிறது. திடீரென்று ஒருநாள் காலையில் பார்த்தால், கூண்டு மூலையில் வெள்ளையாய் ஒரு முட்டை! 'ஆண் கிளியே இல்லையே... இது எப்படி?' என்று வீடே திகைத்துப் போகும்.

இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை குட்டீஸ். கடையில் வாங்கும் பண்ணை முட்டை எல்லாம் சேவலே இல்லாமல் கோழி போட்டதுதான். பெண் பறவையின் உடல் தயாரானால் முட்டை வந்துவிடும். ஆண் பறவை சேர்ந்தால்தான் அதற்குள் குஞ்சு உருவாகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் விட்டு ஒருநாளாக நாலு முதல் ஆறு முட்டை போட்டுவிட்டு நிறுத்திக் கொள்வது காக்டீலின் வழக்கம். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால், சில கிளிகள் நிறுத்தவே நிறுத்தாது. அதுதான் ஆபத்து. ஏறக்குறைய 90 கிராம் எடையுள்ள பறவை, ஐந்து கிராமுக்குக் குறையாத முட்டையைப் போடுகிறது. ஆறு முட்டை என்றால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு! முட்டை ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. சாப்பாட்டில் அது போதாவிட்டால், தன் எலும்பில் இருந்தே உடல் எடுத்துக் கொடுக்கும். எத்தனை நாளைக்குத்தான் கொடுக்கும்?

ஏன் இப்படிப் போடுகிறது? காக்டீலின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதி. அங்கே மழை பெய்து, புல் விதைகள் நிறையக் கிடைத்தால்தான் மரப்பொந்தில் முட்டையிடும். மற்ற நேரங்களில் உடல் சும்மா இருக்கும். நம் வீட்டில் என்ன நடக்கிறது? இரவு 11 மணி வரை டியூப் லைட். கிண்ணம் நிறையத் தீனி. ஒளிந்து கொள்ள பீரோவுக்கு அடியில் இருட்டு. போதாக்குறைக்கு, முதுகைத் தடவிக் கொடுக்க நீங்கள் வேறு! 'ஆகா, நல்ல காலம் பிறந்தாச்சு' என்று நினைத்து, மூளை ஹார்மோன்களைச் சுரக்கச் சொல்லிவிடுகிறது.

இதில் வெளிச்சம்தான் பெரிய வில்லன். பறவைகள் கண்ணால் மட்டும் வெளிச்சத்தை உணர்வதில்லை. மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குள் போகும் ஒளியையும் உணர்கின்றன. நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகளில் இருட்டிய பிறகும் விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? பகல் நீண்டால் முட்டை கூடும் என்பதால்தான். பண்ணைக்கு அது லாபம். செல்லக் கிளிக்கு அது கஷ்டம்.

எனவே, மாலை ஏழு மணிக்கெல்லாம் கூண்டை அமைதியான, இருட்டான அறைக்கு மாற்றிவிடுங்கள். 12 மணி நேரம் தூங்கட்டும். பெட்டி, பானை, கண்ணாடி எல்லாவற்றையும் கூண்டில் இருந்து எடுத்துவிடலாம். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே கிளி ஜோடியாக நினைத்துக்கொள்ளும்! தடவுவதாக இருந்தால் தலையும் கழுத்தும் மட்டும்தான். முதுகையும் இறக்கைக்கு அடியிலும் தடவுவது ஜோடிப் பறவையின் வேலை.

இந்த நேரத்தில் கிளி கடிக்கும், கத்தும், மூலையைக் காவல் காக்கும். அது திமிர் இல்லை. திட்டாதீர்கள் பாவம்.

சரி, போட்ட முட்டையை உடனே எடுத்துவிடலாமா? கூடவே கூடாது! 1883ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒருவர், ஒரு மரங்கொத்தியின் கூட்டில் ஒரே ஒரு முட்டையை விட்டுவிட்டு, மற்றதைப் போடப் போட எடுத்துக்கொண்டே வந்தார். அந்தப் பறவை 73 நாளில் 71 முட்டைகள் போட்டது! குறையக் குறைய ஈடுகட்டப் பார்த்திருக்கிறது. காக்டீலும் அப்படித்தான். முட்டைகளை அப்படியே விட்டுவிட்டால் அடைகாக்கும். மூன்று வாரத்தில் 'இது பொரிக்காது' என்று அதுவே அலுத்துப்போய் எழுந்துவிடும். அப்புறம் எடுங்கள்.

சூரியகாந்தி விதையை மட்டும் கொட்டி வளர்க்காதீர்கள். அதில் கொழுப்பு அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. கீரையும் காயும் கொடுங்கள். கணவாயின் ஓட்டைக் கூண்டில் கட்டித் தொங்கவிடுங்கள். பறவைக் கடையில் கிடைக்கும். 'கடல் நுரை' என்றும் சொல்வார்கள். காலை இளவெயிலும் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது. வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும்.

கிளி உடம்பை உப்ப வைத்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறதா? முக்குகிறதா? மூச்சு விடும்போது வால் ஏறி இறங்குகிறதா? முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருந்தால் உயிரே போய்விடும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். முட்டை உள்ளேயே உடைந்துவிடும். அப்பாவையோ, அம்மாவையோ கூட்டிக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

எதைச் செய்தும் முட்டை நிற்காத கிளிகளுக்கு, ஹார்மோனை அடக்கும் ஊசி இருக்கிறது. அதையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எந்தெந்தத் தேதியில் முட்டை போட்டது என்று காலண்டரில் குறித்து வைத்திருந்தால், அதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.