குட்டியானை வாங்கலாம்... அங்குசத்துக்கும் காசு வையுங்கள்!

குறைந்த பட்ஜெட்டில் பழைய சரக்கு வண்டி... திருவண்ணாமலை விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

விடியற்காலை 3 மணி. பறித்த கத்திரியும் வெண்டையும் மூட்டை கட்டி வாசலில் இருக்கின்றன. உழவர் சந்தையில் இடம் பிடிக்க வேண்டும். வாடகை வண்டிக்காரருக்குப் போன் போட்டால், 'வேற லோடு ஏத்திட்டேன்... 6 மணிக்கு வர்றேன்' என்கிறார். 6 மணிக்கு மேல் சந்தைக்குப் போனால் காய்க்கு என்ன விலை கிடைக்கும் என்பது விவசாயிக்குத்தான் தெரியும்.

கீழ்பென்னாத்தூர், கலசபாக்கம், தண்டராம்பட்டு, செங்கம் பகுதிகளில் காய்கறி, பூ, நிலக்கடலை போடும் சிறு விவசாயிகள் பலர், 'நமக்கென்று ஒரு வண்டி இருந்தால் தேவலையே' என்று நினைப்பது இதனால்தான். புது வண்டிக்குக் கையில் பணம் இருக்காது. பழைய வண்டிதான் கைக்கு எட்டும். ஆனால், விசாரிக்காமல் வாங்கிய பழைய வண்டி, விளைந்த காசை எல்லாம் மெக்கானிக் ஷெட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிடும்.

கார்த்திகை தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் ஒரு காளையை வாங்க நம்மவர்கள் எத்தனை பார்ப்பார்கள்! பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்துத்தான் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவார்கள். வண்டிக்கும் அதே பார்வை வேண்டும். வண்டியின் பல் எது, சுழி எது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் கணக்கு... பிறகுதான் வண்டி!

வண்டி தேவையா என்பதை நோட்டில் எழுதிப் பாருங்கள். ஒரு நடைக்கு வாடகை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சொந்த வண்டியில் அதே நடைக்கு டீசல் 500 ரூபாய் என்றால், நடைக்கு 1,000 ரூபாய் மிச்சம்.

இனி, வண்டி நின்றாலும் ஓடினாலும் வரும் செலவு. 2 லட்ச ரூபாய் கடனுக்கு மாதத் தவணை 7,000 ரூபாய், காப்பீடு, எஃப்.சி, வரி ஆகியவற்றை மாதத்துக்குப் பிரித்தால் 3,000 ரூபாய். டயர், பேட்டரி, ரிப்பேருக்கு 3,000 ரூபாய்... மொத்தம் 13,000 ரூபாய். அப்படியென்றால், மாதம் 13 நடை ஓடினால்தான் கை பிடிக்காது. 8 நடைதான் தேவை என்றால், வாடகை வண்டியே லாபம். அல்லது பக்கத்துத் தோட்டக்காரர்கள் 2 பேரின் லோடையும் சேர்த்து ஏற்ற வழி இருக்க வேண்டும். இவை உதாரணத்துக்கான எண்கள்தாம். உங்கள் ஊர் வாடகையையும் உங்கள் நடைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

'யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசாதே' என்பார்கள். கையில் 3 லட்ச ரூபாய் இருந்தால், வண்டிக்கு 2.25 லட்சத்துக்கு மேல் பேசாதீர்கள். பெயர் மாற்றம், காப்பீடு, டயர், முதல் சர்வீஸ் என்று மீதியும் கரைந்துவிடும். இந்த ரக வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் மட்டுமே ஆண்டுக்கு 16,000 ரூபாயைத் தொடும்.

எந்த வண்டி உங்களுக்கு?

2005-ம் ஆண்டு வந்த டாடா ஏஸ் வண்டியைத்தான் நம் ஊரில் 'குட்டியானை' என்று செல்லமாகக் கூப்பிடுகிறோம். ஆரம்பகால வண்டிகளில் 2 சிலிண்டர், 702 சி.சி டீசல் இன்ஜின். முக்கால் டன் வரை ஏற்றலாம். அதாவது, 75 கிலோ நெல் மூட்டை 10. சந்தைக்குக் காய், பூ கொண்டுபோகவும், மாட்டுத்தீவனம் ஏற்றவும் இது போதும். சந்து பொந்தில் நுழையும்.

2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், ஓசூரில் தயாரான வண்டி. 3 சிலிண்டர், ஒன்றே கால் டன். மஹிந்திரா பொலேரோ பிக்கப், ஒன்றே கால் டன்னில் தொடங்கி மாடலுக்கு ஏற்ப அதற்கு மேலும் ஏற்றும். சுமார் 190 கிலோமீட்டர் தள்ளியுள்ள கோயம்பேட்டுக்கு அடிக்கடி லோடு போகிறவர்களுக்கும், ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் ஏறி இறங்குகிறவர்களுக்கும் இந்த ரகம்தான் சரிப்படும். குட்டியானையை வாங்கி, அதில் ஒன்றரை டன் ஏற்றி மலையேறினால் இன்ஜினும் போகும், பிரேக்கும் போகும். கூடுதல் பாரத்துக்கு அபராதமே 20,000 ரூபாயில் தொடங்குகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

வருஷமும் முக்கியம். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்-4, 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்தது. பழைய வண்டிகளை உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். பி.எஸ்-6 வண்டியில் சென்சார்களும் புகை வடிகட்டும் அமைப்பும் அதிகம். கம்ப்யூட்டர் போட்டுத்தான் கோளாறைப் பார்க்க முடியும். வாங்கும் முன்பே, 'இந்த மாடலை நம் ஊரில் யார் பார்ப்பார், பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?' என்று விசாரித்துவிடுங்கள்.

பல்லைப் பிடித்துப் பார்ப்பது இப்படித்தான்!

வண்டி பார்க்க விடியற்காலையில் போங்கள். வெயில் நேரத்தில், மழையில், இருட்டில் பார்க்காதீர்கள். 'நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்கூட்டியே ஓடவிட்டிருக்கலாம்.

புகை: குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது சற்றுப் புகை வருவது சகஜம். அது நிற்க வேண்டும். நீலப் புகை நிற்காமல் வந்தால், இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பிஸ்டன் ரிங் வேலை இருக்கும். கரும்புகை என்றால் இன்ஜெக்டர் அல்லது ஏர் ஃபில்டர் கோளாறு. இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை வந்துகொண்டே இருந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

ஆயில் மூடி: இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குப்குப்பென்று தள்ளிக்கொண்டு வந்தால், இன்ஜின் தேய்ந்துவிட்டது. மூடிக்கு அடியில் பால் கலந்த டீ போலப் படிந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

ரேடியேட்டர்: இதை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே எண்ணெய் மிதந்தாலோ, துருநீராக இருந்தாலோ யோசியுங்கள்.

சேஸ்: வண்டியின் முதுகெலும்பு இதுதான். டார்ச் அடித்துக்கொண்டு அடியில் படுத்துப் பாருங்கள். வெல்டிங் வைத்த இடம், விரிசல், புதிதாகப் பெயின்ட் அடித்த இடம் இருந்தால் கேள்வி கேளுங்கள். பின்பக்க ஸ்பிரிங்கில் கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பட்டை சேர்த்திருந்தால், அந்த வண்டி செங்கல், மண், ஜல்லி என்று அளவுக்கு மேல் சுமந்திருக்கிறது. உரமும் உப்பும் ஏற்றிய வண்டி என்றால் தொட்டியின் அடித்தகடு துருவில் தெரிந்துவிடும்.

மீட்டர்: கிலோமீட்டரைக் குறைத்துவைப்பது சுலபம். 60,000 கிலோமீட்டர்தான் ஓடியதாகக் காட்டும் வண்டியில், பிரேக் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருந்தால் நம்பாதீர்கள். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள்.

விளக்கு: சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால், பல்பைக் கழற்றிவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டும்.

டயர்: டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயர் வெடிக்கும். ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், முன்பக்க வேலை இருக்கிறது.

கடைசியாக, காலி வண்டியை மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். பத்து மூட்டையை ஏற்றி, ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் கூடி, வேகம் கூடாவிட்டால் கிளட்ச் போயிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது ஒருபக்கம் இழுக்கிறதா, கியர் தானாக விழுகிறதா என்பதெல்லாம் லோடில்தான் தெரியும். விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக்கை விட்டுவிட்டு, உங்கள் மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். அந்தச் சில நூறு ரூபாய் பல ஆயிரத்தைக் காப்பாற்றும்.

சுழி இருப்பது காகிதத்தில்!

இன்ஜின் கோளாறைக் காசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். காகிதக் கோளாறு நிலத்தையே விற்க வைத்துவிடும்.

வண்டி எண்ணை 'எம்பரிவாகன்' செயலியில் போட்டுப் பாருங்கள். எஃப்.சி, காப்பீடு எதுவரை இருக்கிறது, கடன் நிலுவை பதிவாகியிருக்கிறதா, அபராதம் பாக்கி உண்டா என்பதைப் பார்க்கலாம். ஆர்.சி-யில் உள்ள சேஸ் நம்பர், இன்ஜின் நம்பரை வண்டியில் அடித்துள்ள எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். கடன் பதிவு இருந்தால், பைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி எடுக்க வேண்டும். 'எஃப்.சி முடிஞ்சிருக்கு, நீங்களே எடுத்துக்கோங்க... விலையில 10,000 குறைச்சுக்கிறேன்' என்றால், ஏமாந்துவிடாதீர்கள். பெயின்ட், டயர், விளக்கு, பிரேக் என்று அதற்குள் பெரிய செலவு ஒளிந்திருக்கலாம். எஃப்.சி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டும் தேவை. விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். 14 நாளுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால், வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது சிக்கல்.

'பத்திரத்தில் எழுதிக்கிட்டாப் போதும், பேரு அப்புறம் மாத்திக்கலாம்' என்பதுதான் பெரிய ஆபத்து. பல கை மாறியும் பெயர் மாற்றப்படாத ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, வாங்குபவரைவிட விற்பவருக்குத்தான் இதில் அவசரம் இருக்க வேண்டும். நாளைக்கு உங்கள் வண்டியை நீங்கள் விற்கும்போதும் இதை மறக்காதீர்கள். வண்டியை ஒப்படைக்கும் டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

வாசகர் கேள்விகள்

'என்னிடம் கார் ஓட்டும் லைசென்ஸ்தான் இருக்கிறது. குட்டியானை ஓட்டலாமா? பெர்மிட் வேண்டுமா?'

ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனங்களை இலகுரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. லோடோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. அந்த எடை ஆர்.சி-யில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

'பெங்களூருவில் கர்நாடகப் பதிவு வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?'

வாங்கலாம், ஆனால் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். அந்த ஊர் ஆர்.டி.ஓ-விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி வந்து, இங்கே வரி கட்டி, புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் சேர்த்தால், நம் ஊர் டி.என்-25 வண்டியே மலிவாக இருக்கும். தடையில்லாச் சான்று இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

'14 வருடமான வண்டியை 90,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். நல்ல கண்டிஷன். எடுக்கலாமா?'

தோட்டத்துக்கும் ஊருக்கும் மட்டும் ஓட்டுவதாக இருந்தாலும் யோசியுங்கள். ஆண்டுதோறும் எஃப்.சி உண்டு. 15 ஆண்டைத் தாண்டினால் எஃப்.சி கட்டணம் பல மடங்கு உயர்ந்துவிடும். திரும்ப விற்கப்போனால் வாங்க ஆள் இருக்காது. இன்னும் கொஞ்சம் சேர்த்து, 6 முதல் 9 ஆண்டுக்கு உட்பட்ட, ஒரே கையில் இருந்த வண்டியைத் தேடுவது நல்லது.

'பௌர்ணமிக்கு ஊர்க்காரர்கள் கிரிவலம் போக எங்கள் வண்டியைக் கேட்கிறார்கள். காசு வாங்காமல் ஏற்றிப் போனால் தப்பா?'

தப்புதான். சரக்கு வண்டியின் தொட்டியில் ஆட்களை ஏற்றக் கூடாது. காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அப்படி ஏறியவர்களுக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை என்பதுதான் சட்ட நிலை. இழப்பீட்டை வண்டி உரிமையாளர்தான் கொடுக்க வேண்டியிருக்கும். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று கேட்பவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள்தாம், மறுப்பது கஷ்டம்தான். ஆனால், ஒரு திருப்பத்தில் வண்டி கவிழ்ந்தால் அந்த உயிர்களை யாராலும் திருப்பித் தர முடியாது. 'பஸ் டிக்கெட்டுக்கு நான் காசு தர்றேன்' என்று சொல்லிவிடுங்கள். அது ஒன்றும் குறைவான உபகாரம் இல்லை.