பனிச் சிகரம் ஏறப் புறப்படுமுன்

திருக்கோகர்ணத்தில் கோகர்ணேசுவரர் சந்நிதியைக் குடைந்தெடுத்த பாறையையே மலையென்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய நூறு மீட்டரே உயர்ந்த இச்சமவெளியில் பிறந்தவர் இமயத்தின் பனிச் சிகரமொன்றை நாடுவது அசாத்தியமான ஆசையாகத் தோன்றலாம். ஆயினும் விருதுநகர் மாவட்டத்து ஜோகில்பட்டியைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, 2023 மே 23 அன்று எவரெஸ்டின் உச்சியில் நின்று, தமிழகத்திலிருந்து அங்கே சென்ற முதல் பெண்மணி என்ற கீர்த்தியைப் பெற்றார். அச்செய்தியால் உள்ளம் பூரித்த இளைஞர் பலர், தக்க வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டால் நாமும் போய் வரலாமே என்று எண்ணக்கூடும். தாராளமாக எண்ணட்டும், ஆனால் எந்த வழிகாட்டியாலும் நமக்காகச் சுவாசிக்க முடியாது.

எவரெஸ்டின் 8,848.86 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கே ஆகையால், ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் ஏறத்தாழ அவ்வளவுதான். இக்குறைவுக்கு இணங்கிச் சுவாசம் மாறவும், இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகவும் தேகத்துக்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும். 3,000 மீட்டரைக் கடந்தபின் இரவில் உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை ஓய்வு அவசியம் என்றும் வைத்தியர்கள் விதித்திருப்பது இதனாலேயே. 3,440 மீட்டரிலுள்ள நாம்சே பஜாரில் பிரயாணிகள் கூடுதலாக ஒரு நாள் தங்கி, பகலில் மேலே ஏறி, இரவுக்குக் கீழே வந்து படுக்கிறார்கள். வீணாகக் கழிவது போலத் தோன்றும் அந்த நாளில்தான் உண்மையான ஏற்றம் நடைபெறுகிறது. தலைவலியையும் குமட்டலையும் மறைத்துக்கொண்டு மேலே செல்பவருக்கு நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. உடனே கீழிறங்குவதே அதற்கு உத்தமமான சிகிச்சை. ஆகவே, நாட்களைச் சுருக்கிக் கட்டணத்தைக் குறைப்பதாகச் சொல்லும் நிறுவனத்தை அவ்வொரு காரணத்துக்காகவே நிராகரிக்கலாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அதற்கும் முன்னே பயிற்சி வேண்டும். டென்சிங் நார்கே பயிற்சித் தலைவராக விளங்கிய, 1954-ல் தொடங்கப்பட்ட டார்ஜிலிங் மலையேற்றக் கழகத்திலும், 1965-ல் அமைந்த உத்தரகாசி நேரு மலையேற்றக் கழகத்திலும் ஏறத்தாழ நான்கு வார ஆரம்ப வகுப்புகள் நடைபெறுகின்றன. காலணியில் கிராம்பான் என்னும் முள்தகட்டைப் பூட்டி நடப்பதையும், சறுக்கினால் பனிக்கோடரியை ஊன்றித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வதையும், ஒரே கயிற்றில் பலர் பிணைந்து செல்வதையும் அங்கே கற்கலாம். அக்கயிறு தேவைப்படுவது பனியாற்றில்தான், ஏனெனில் பனியாறு மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பது. நகரும்போது அது ஆழமாகப் பிளக்க, கேணியின்மேல் ஓலை பரப்பியதுபோலப் புதுப்பனி அப்பிளவை மூடிவிடுகிறது. குளிரில் பனி இறுகியிருக்கும் பின்னிரவிலேயே அதைக் கடக்க முயல்வது இதனால்தான்.

எவரெஸ்டின் கும்பு பனியருவியில் ஏணியும் கயிறும் அமைத்துப் பாதை சமைப்பவர்கள் ஷெர்பாக்கள். நாம் சில தடவை கடக்கும் இடத்தை அவர்கள் சுமையோடு பல தடவை கடக்கிறார்கள். 2014 ஏப்ரல் 18 அன்று அங்கே சரிந்த பனியில் 16 நேபாளத் தொழிலாளர்கள் மாண்டனர். எவரெஸ்ட் ஏற நேபாள அரசு வாங்கும் வசந்தகால அனுமதிக் கட்டணம் 2025 செப்டம்பரில் 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக உயர்ந்தது. அதைப் பற்றி விசாரிக்கிறவர், தமக்காகச் சுமக்கப்போகிறவரின் ஊதியத்தையும் காப்பீட்டையும் அதே அக்கறையோடு விசாரிக்கக் கடமைப்பட்டவர்.

கடைசியாக, திரும்பும் நேரம். 1996 மே 10 அன்று உச்சியை எட்டும் வேகத்தில் சிலர் பிற்பகல் இரண்டு மணியைத் தாண்டியும் ஏறிக்கொண்டிருந்தனர். அன்று மாலை எழுந்த புயலில், மலையின் இரு பக்கங்களிலுமாக, தேர்ந்த வழிகாட்டிகளான ராப் ஹால், ஸ்காட் பிஷர் உட்பட எட்டுப் பேர் உயிர் துறந்தனர். உச்சி கண்ணுக்கெதிரே நிற்கும்போது களைத்த மூளையால் நிதானமாக முடிவெடுக்க இயலாது. எனவே எத்தனை மணிக்குத் திரும்புவது, இறக்கத்துக்கு உருளையில் எவ்வளவு பிராணவாயுவை மிச்சம் வைப்பது, வானிலைக்காக எத்தனை நாள் காத்திருப்பது என்பவற்றை வழிகாட்டியோடு கலந்து முன்கூட்டியே எழுதி வாங்கி, வீட்டாரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.