தானே வந்து சேரும் முகவரி

மடல் உரியவரைச் சேர முகவரி வேண்டும். அவ்வாறே, வலையமைப்பில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் தனக்கே உரிய எண் முகவரி இன்றியமையாதது. ஒரே எண் இரு கணினிகட்கு அமையுமாயின் இரண்டின் பணியும் தடுமாறும். இவ்வெண்களைத் தானே பங்கிட்டளிக்கும் நெறிமுறையே டி.எச்.சி.பி. என்பதாகும். 1993இல் வரையறுக்கப்பெற்ற இது, 1997இல் செப்பம் செய்யப்பெற்றது.

வழங்கும் முறை

சிறிய அலுவலகங்களில் ரௌட்டர் எனும் கருவியே பெரும்பாலும் முகவரி வழங்கும் பணியையும் ஆற்றுகிறது. ‘முகவரி தருவார் உளரோ?’ எனக் கணினி பொதுவில் வினவும். ரௌட்டர் ஓர் எண்ணை முன்மொழியும். கணினி அதனையே வேண்டும். ரௌட்டர் உறுதி கூறும். இவ்வாறு பெறும் எண் நிலையான உரிமையன்று, காலவரையறையுள்ள குத்தகையே. அக்காலத்தில் பாதி கழிந்ததும் கணினி அதனைப் புதுப்பிக்க முயலும்.

பழுதறிதல்

இணைப்பு தடைப்படின் முதற்கண் கணினி பெற்றுள்ள எண்ணைக் காண்க. விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் ‘ஐபிகான்ஃபிக்’ எனத் தட்டினால் அது தோன்றும். நோயை நாடித்துடிப்பு உணர்த்துவதுபோல் பழுதை அவ்வெண் உணர்த்தும்.

அவ்வெண் 169.254 எனத் தொடங்கின், வழங்குவார் எவரும் விடையளிக்காமையால் கணினி தானே சூட்டிக்கொண்ட எண் அதுவாகும். ஒரு கணினிக்கு மட்டும் இந்நிலையெனில் அதன் கம்பியையும், அனைத்திற்கும் எனில் ரௌட்டரையும் ஆராய்க.

பழைய கணினிகள் இயங்க, புதியவை மட்டும் எண் பெறாவிடின் இருப்புத் தீர்ந்தது என ஐயுறலாம். 192.168.1.100 முதல் 149 வரை ஒதுக்கினால் 50 எண்களே உள. வந்து சென்ற விருந்தினரின் கைப்பேசிகளும் குத்தகை முடியும்வரை அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். குத்தகைக் காலத்தைக் குறைத்தலும் எண்களின் வரம்பை விரித்தலும் இதற்கு மருந்தாகும்.

அலுவலகத்தின் எண்கள் 192.168.1 எனத் தொடங்க, ஒரு கணினி மட்டும் 192.168.0 எனக் காட்டுமாயின், எவரோ இணைத்த இரண்டாம் ரௌட்டரும் எண் வழங்குகிறது என்று கொள்ளலாம். அதன் வழங்கும் பணியை நிறுத்துதல் வேண்டும்.

அவசரம் தரும் இடர்

பணி தடைப்பட்ட பரபரப்பில் ஏதேனும் ஓர் எண்ணைக் கையால் எழுதிவிடுவோர் பலர். அன்றைக்குப் பணி நடக்கும். ஆயின், ரௌட்டர் அதனை அறியாது; அக்கணினி அணைந்திருக்கும் வேளையில் அதே எண்ணைப் பிறிதொன்றுக்கு ஈந்துவிடும். மறுநாள் இரண்டும் மோதும். காரணம் புலப்படுவதோ அரிது. அச்சுப்பொறி போன்றவற்றிற்கு நிலையான எண் வேண்டுமெனில், வழங்கும் வரம்பிற்கு வெளியே அமைத்துக் குறிப்பேட்டில் பதிதல் நலம். எண்ணை மாற்றுமுன் அது கூறும் செய்தியைப் படித்தறிவதே பழுது நீக்கத்தின் முதற்படியாம்.