பித்தளைக் கூட்டின் சூட்சுமம்

கௌபாய் படங்களில் வரும் பழைய ரிவால்வரைப் போலவே இன்று இத்தாலியில் செய்து விற்கப்படும் மாதிரித் துப்பாக்கிகளில், கருமருந்தைக் கொட்டி ஈயக்குண்டை இடித்து நிரப்பவேண்டிய உருளையைக் கழற்றிவிட்டு, ஆயத்தத் தோட்டாவை ஏற்கும் வேறோர் உருளையைப் பொருத்தினால், சில நிமிஷங்களில் அது நவீன ஆயுதமாகிவிடும் என்கிறார்களே, இது விஞ்ஞானமா, வெறும் வியாபாரமா என்று குளுவாங் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அமலில் உள்ள நம் மலேசியாவில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றமாகையால், கேள்வியை அறிவின் எல்லைக்குள்ளேயே வைத்துக்கொள்வோம். விளம்பரக்காரர்கள் உருக்கு உருளையின் புகழையே பாடுகிறார்கள். எனக்கோ, சுட்டு முடிந்ததும் தரையில் உதறப்படும் அந்தப் பித்தளைக் கூட்டின்மீதுதான் ஆசை.

பழைய உருளையின் அறைகள் பின்புறம் மூடியவை. ஒவ்வொன்றின் முதுகிலும் சிறு மூக்கொன்று இருக்கும், அதன்மேல் தீப்பொறி தரும் கேப்பு உட்காரும். மாற்று உருளையிலோ அறைகள் முன்னிருந்து பின்வரை ஊடுருவிய துளைகள். பின்னால் தனியாக ஒரு தட்டு மட்டும் அணைந்து நிற்கிறது. அப்படியானால், வெடித்துக் கிளம்பும் வாயு அந்த இடுக்கு வழியே பின்னோக்கிப் பாய்ந்து சுடுபவன் முகத்தைப் பொசுக்காமல் தடுப்பது எது?

நம் வீட்டுக் குக்கரின் ரப்பர் வளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆவி ஏற ஏற வளையம் விளிம்போடு இறுகுகிறது; எந்த அழுத்தம் தப்பிக்கப் பார்க்கிறதோ அந்த அழுத்தமே கதவைச் சாத்துகிறது; ஆவி அடங்கியபின் மூடி விரலுக்கு இணங்கிக் கழன்று வருகிறது. ஆறு குக்கர்களை ஒரு சுழலும் அடுப்பில் வட்டமாக ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாக விசில் அடிக்கவைத்தால் அதுதான் ரிவால்வர்; வளையமே இல்லாத பழைய முறையில், ஒரு குக்கரின் தீப்பொறி பக்கத்துக் குக்கருக்குத் தாவி, எல்லாம் ஒருசேரப் பொங்கிவிடும் அபாயமும் இருந்தது. அதற்கு அஞ்சியே அக்காலத்தார் குண்டின்மேல் கொழுப்பைத் தடவி அறைவாயை அடைத்தார்கள்.

குக்கர் உவமை இங்கே கைவிட்டுவிடுகிறது. ஏனெனில் உலோகம் ரப்பர் அன்று. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த அந்தப் பித்தளைக் கூட்டின் மெல்லிய சுவர், வெடித்த க்ஷணத்தில் உப்பி, அறையின் உருக்குச் சுவரை ஒட்டிக்கொள்கிறது. பிறகு இரண்டும் சேர்ந்தே சற்று விரிகின்றன. அழுத்தம் தணிந்ததும் உருக்கு தன் பழைய அளவுக்கு மீள்கிறது. ஆனால் பித்தளையின் விறைப்பு உருக்கினுடையதில் ஏறக்குறையப் பாதியே ஆகையால், ஒரே அளவு இழுவிசையை விடுவித்தால் அது உருக்கைவிட அதிகமாகச் சுருங்கித் திரும்புகிறது. அந்த மயிரிழை வித்தியாசமே இடைவெளியாகி, சற்றுமுன் சுவரோடு சுவராக இறுகிக் கிடந்த கூட்டை விரல்நுனியால் தள்ளிவிடும்படி செய்கிறது. விரியும்போது பூட்டாகவும் சுருங்கும்போது சாவியாகவும் ஒரே பொருள் பணிபுரியும் இந்த யுக்தியை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஊடுதுளை உருளைக்கு ரோலின் வைட் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்றது 1855-இல். ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் தஞ்சோங் புத்ரியில் புதிய குடியிருப்பை நிறுவியதும் அதே ஆண்டில்தான். வைட்டின் காப்புரிமை 1869 வரை நீடித்ததால் கோல்ட் கம்பெனி காத்துக்கிடந்து, பின்னரே தன் பழைய ரிவால்வர்களைத் தோட்டாவுக்கு மாற்றியது. தஞ்சோங் புத்ரி 1866-இல் ஜொகூர் பாரு என்று பெயர் பெற்றபோது, சிப்பாய்க் கலகத்தால் நாம் அறிந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் பின்புறத்தைத் திறந்து, ஸ்னைடர் முறைப்படி பிரிட்டிஷார் தோட்டாவுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பித்தளைக்கும் ஒரு பலவீனம் உண்டு. இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவம் சேமித்து வைத்திருந்த தோட்டாக்கள், யாரும் தொடாமலே, மழைக்காலத்தில் வெடிப்பு விட்டன. அதனாலேயே அதற்குப் பருவ வெடிப்பு என்று பெயர் வந்தது. கூட்டை அச்சில் இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கமும், ஈரக்காற்றும், குதிரை லாயங்களிலிருந்து எழும் அமோனியாவும் ஒன்றுகூடிச் செய்த காரியம் அது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921-இல் அந்நோயை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். பரிகாரமோ எளியது: வடித்த கூட்டை மிதமாகச் சுடவைத்தால் உள்ளிறுக்கம் தளர்ந்துவிடும்.

இதைப் படித்தபோது எங்கள் தோட்டத்து லயம் நினைவுக்கு வந்தது. ரப்பர்ப் பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றும் கொட்டகையை அடுத்த அறையில், பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த மெல்லிய பித்தளைச் செம்பொன்று பரணில் இருந்தது. ஒரு மழைக்காலம் கழிந்து எடுத்துப் பார்த்தால், கீழே விழாத, யாரும் தட்டாத அச்செம்பின் கழுத்தில் நூல்போல ஒரு கீறல். தண்ணீர் ஊற்றினால் அக்கோட்டில் முத்து முத்தாய்க் கசிந்தது. "கண்ணு பட்டிருச்சுடா" என்றாள் பாட்டி.

வாசகருக்கு விடை இதுவே: உருளை மாற்றுவது மெய்யான வித்தைதான், ஆனால் அதனால் துப்பாக்கி நவீனமாகிவிடுவதில்லை. குறைந்த அழுத்தமுள்ள, ஈயக்குண்டுத் தோட்டாக்களை மட்டுமே போடவேண்டும் என்று உருளை செய்பவர்களே எச்சரிக்கிறார்கள். பித்தளைச் சட்டகம் கொண்ட மாதிரிகளில் பொருத்தவே கூடாது என்கிறார்கள். கூடாக இருக்கையில் பித்தளைக்கு அறையின் உருக்குச் சுவர் முட்டுக் கொடுக்கிறது. சட்டகமாக நின்றால், ஒவ்வொரு வெடிக்கும் அது சிறிது சிறிதாக நீண்டு, திரும்பி வராமலே போய்விடும்.