பிளேடா, மின்சார ரேசரா?

"ஏம்மா, கொஞ்சம் பஞ்சு கொண்டு வாயேன்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. கொல்லைக் குழாயடியிலிருந்து மாமனாரின் குரல். ஓடிப் போய்ப் பார்த்தால் மோவாயில் ஒரு கீறல். கடுகளவுதான். ஆனால் ரத்தம் நின்றபாடில்லை. படிகாரக் கல்லைத் தேய்த்தார். துண்டால் ஒற்றினார். இட்லி வெந்து, எடுத்து, வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் மனுஷர் துண்டும் கையுமாகவே உட்கார்ந்திருந்தார்.

அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் அவருக்கு இருதய வால்வு ஆபரேஷன் நடந்திருந்தது. ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்னக் காயம்கூடச் சட்டென்று அடைபடாது. அடுத்த செக்கப்பில் இதைச் சொன்னதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எதால ஷேவ் பண்றார்?"

"பிளேடுதான் டாக்டர். ஐம்பது வருஷப் பழக்கம்."

"மின்சார ரேசருக்கு மாத்துங்க. பயந்துகிட்டு நீங்களா மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க!"

சவரம் என்பது ஆண்பிள்ளைகள் சமாசாரம், நமக்கென்ன என்றுதான் அதுவரை நான் இருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். மாதச் சாமான் லிஸ்டில் பருப்பு, புளிக்குக் கீழே "பிளேடு - 1 பாக்கெட்" என்று எழுதுவது யார்? நாம்தானே! அப்படியானால் எதை வாங்க வேண்டும், யாருக்கு வாங்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மாட்டிக் கழற்றி எறியும் மெல்லிய பிளேடை அமெரிக்காவில் கில்லெட் என்பவர் 1903-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தார். மின்சார ரேசருக்கு ஜேக்கப் ஷிக் என்பவர் 1930-இல் காப்புரிமை பெற்றார். வட்ட வட்டமாகச் சுழலும் தலை கொண்ட ரேசரை 1939-இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டு வந்தது. ஆக, மின்சார ரேசர் நேற்றுப் பிறந்த நாகரிகம் ஒன்றுமில்லை.

பிளேடு தோலின் மேலேயே உரசிக்கொண்டு போய் முடியை அடியோடு அறுக்கிறது. அதனால் கன்னம் மழமழவென்று ஆகும். கூடவே தோலின் மேல் படலமும் கொஞ்சம் சுரண்டப்படும். பருவோ, மருவோ குறுக்கே வந்தால் அதையும் சேர்த்துச் சீவிவிடும்.

மின்சார ரேசரில் கத்திக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய உலோகச் சல்லடை இருக்கிறது. அதன் ஓட்டை வழியாக முடி மட்டும் உள்ளே நுழைய, உள்ளே ஓடும் கத்தி அதை வெட்டுகிறது. அதனால் கீறல் விழுவது அபூர்வம். ஆனால் பிளேடு அளவுக்கு வழவழப்பு வராது. சாயங்காலத்துக்குள் சொரசொரப்புத் தட்டும்.

யாருக்கு எது?

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கை நடுங்கும் முதியவர்கள், கண் பார்வை மங்கியவர்கள், காயம் ஆறத் தாமதமாகும் சர்க்கரை நோயாளிகள், இவர்களுக்கெல்லாம் மின்சார ரேசர்தான் பாதுகாப்பு. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நாம்தான் ஷேவ் செய்துவிட வேண்டும் என்றால், கேட்கவே வேண்டாம்! பிறர் கன்னத்தில் பிளேடு ஓட்டும் பயம் நமக்கு எதற்கு?

முகத்தில் பரு நிறைய உள்ள வாலிபப் பிள்ளைகளுக்கும், சுருட்டை முடி உள்ளவர்களுக்கும்கூட இது நல்லது. சுருட்டை முடியை ஒட்ட மழித்தால் அதன் நுனி வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு வளரும். கழுத்தில் கட்டி கட்டியாக வருவது பெரும்பாலும் இதனால்தான். கொஞ்சம் முடியை விட்டுவைத்தால் தொந்தரவு குறையும்.

வாரத்துக்கு ஒரு முறைதான் ஷேவ் செய்வேன் என்பவருக்கு மின்சார ரேசர் சரிப்படாது. நீண்ட முடி சல்லடைக்குள் நுழையாது. இழுக்கும், வலிக்கும். ஆரோக்கியமான தோல், நடுங்காத கை, பளபளவென்று கன்னம் வேண்டும் என்ற ஆசை, இந்த மூன்றும் இருந்தால் பிளேடே போதும். விலை கூடுதல் என்பதற்காக மட்டும் ஒன்று உசத்தி ஆகிவிடாது.

முதல் மூன்று வாரம்

மின்சார ரேசரை வாங்கி வந்த அன்று மாமா அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது ஷேவா? கன்னத்தைத் தடவிக் கொடுக்குது, அவ்வளவுதான்!" என்று மூலையில் வைத்துவிட்டார். இரண்டாம் நாள் கழுத்தெல்லாம் எரிச்சல் என்றார். மூன்றாம் நாள் பழைய செட்டைத் தேடிக் குழாயடிக்குப் போனவரை நான்தான் மறித்தேன்.

பிளேடுக்குப் பழகிய தோல் புதியதற்குப் பழக இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். அதற்குள் "இது லாயக்கில்லை" என்று தூக்கிப் போடுபவர்கள்தான் நிறையப் பேர். இன்னொரு விஷயமும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மாமா வழக்கம் போல முகத்தை நனைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்! தண்ணீரில் பயன்படுத்தலாம் என்று அட்டையில் போட்டிருந்தால் ஒழிய, முகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். குளிப்பதற்கு முன்னால் செய்வதே மேல். ஒரு கையால் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசைக்கு எதிராக, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். முறையை மாற்றியதும் எரிச்சல் அடங்கியது. நான்காவது வாரம் அவரே சார்ஜ் போட ஆரம்பித்துவிட்டார்.

பிளேடுதான் என்றால்...

இதன் முறையே வேறு. குளித்த பிறகு, அல்லது வெந்நீர்த் துணியை இரண்டு மூன்று நிமிஷம் ஒற்றிய பிறகு செய்ய வேண்டும். தண்ணீர் ஊறிய முடி மெத்தென்று ஆகி எளிதில் அறுபடும். நல்ல நுரை வேண்டும். முடி வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலச வேண்டும்.

ஒரு பிளேடை ஐந்து முதல் ஏழு ஷேவுக்குள் மாற்றிவிடுங்கள் என்கிறார்கள் தோல் மருத்துவர்கள். "இரும்பை முடி என்ன செய்துவிடும்?" என்று கேட்கிறீர்களா? முடியைவிட பிளேடு ஐம்பது மடங்கு கடினமானது. ஆனாலும் முடி பட்டுப் பட்டு பிளேடின் விளிம்பு நுண்ணிய சில்லுகளாகத் தெறிப்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் படம் பிடித்தே காட்டினார்கள். விளிம்பு உடைந்த பிளேடைத்தான் "இன்னும் ரெண்டு தரம் வரும்" என்று நாம் வைத்துக்கொள்கிறோம்!

ஒருவருக்கு ஒன்று

நம் வீடுகளில் பிளேடு படும் பாடு இருக்கிறதே! அப்பா ஷேவ் செய்த பிளேடில் பிள்ளை நகம் வெட்டுவான். அதையே நாம் தையல் பிரிக்க எடுப்போம். பாட்டி அதைக் கொண்டுதான் கால் ஆணியைச் சீவுவாள்.

இது சிக்கனம் இல்லை தோழிகளே, ஆபத்து. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியில்கூட இருக்கும். உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். அது உடம்பில் இருப்பவருக்கே பல வருஷம் தெரியாமல் போகலாம். அதனால் அப்பா, பிள்ளை, அண்ணன், தம்பி யாராக இருந்தாலும் ஒருவருக்கு ஒரு ரேசர். மின்சார ரேசருக்கும் இதே சட்டம்தான். சலூனில் "புது பிளேடு போடுங்க" என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கைக்குழந்தை உள்ள தாய்மார்கள், பிறந்தவுடன் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் குழந்தைக்குப் போட்டாகிவிட்டதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பிளேடை அப்படியே குப்பையில் வீசாதீர்கள். குப்பை அள்ளுபவரின் கையும் நம் கை மாதிரிதானே? மூடியுள்ள பழைய டப்பா ஒன்றில் சேர்த்து, ஒட்டிக் கொடுங்கள்.

நமக்கும் உண்டு

"ஷேவ் செய்தால் முடி அடர்த்தியாக வளரும்" என்று பயப்படும் பெண்கள் இன்றும் உண்டு. மில்ட்ரெட் டிராட்டர் என்ற பெண் விஞ்ஞானி 1928-லேயே சோதித்து, அப்படி இல்லை என்று காட்டிவிட்டார். மழித்த முடியின் நுனி மழுங்கலாக இருப்பதால் தடிமனாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

பிரசவத்துக்குப் போகுமுன் வீட்டிலேயே அவசர அவசரமாக பிளேடை எடுக்காதீர்கள். சுகப் பிரசவத்துக்கு வழக்கமாக மழிப்பது தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஆபரேஷன் என்றாலும், அவசியப்பட்டால் கிளிப்பரால் கத்தரிப்பார்கள். பிளேடு விடும் நுண்ணிய கீறல் கிருமிகளுக்கு வாசலாகிவிடும்.

கணக்கும் பார்க்கணுமே!

பிளேடுக்குச் சில ரூபாய். ஆனால் மாதா மாதம். மின்சார ரேசருக்கு ஒரே தடவை பெருந்தொகை. அத்தோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சல்லடையும் கத்தியும் மாற்ற வேண்டி வரும். அந்த உதிரிப் பாகம் நம் ஊரில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். சல்லடை கிழிந்த ரேசர் பிளேடைவிட மோசமாகக் கீறும்.

எங்கள் வீட்டில் இப்போது மூன்று ஆண்கள், மூன்று விதம். மாமாவுக்கு மின்சார ரேசர். என் வீட்டுக்காரருக்குப் பழைய பிளேடு செட்டே திருப்தி. மீசை அரும்பும் பிள்ளைக்கு முகமெல்லாம் பரு. அவனுக்குத் தனியாக ஒரு டிரிம்மர்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவருக்கு எங்கே கீறினாலும் சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள். அன்றைக்கு மாமா துண்டை நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்திலேயே நின்று, "நின்னுடுச்சா மாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்!